விரதம் முடிக்காதவள்

பதினோரு வருடம் நான் தினமும் இரண்டு முறை இரவுச் சாப்பாடு சாப்பிட்டேன். முதல் சாப்பாடு காரில், இரண்டாவது வீட்டில். முதலாவது யாருக்கும் தெரியாது. இரண்டாவதைப் பார்த்த என் கணவரோ, பாவம், வேலை செய்து களைத்து வந்திருக்கிறாள் என்று என் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோறு வைத்தார்.

எனக்கு மலேசியாவில், கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை. சிப் செய்யும் தொழிற்சாலை. தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்புக்குள் புகுந்துகொண்டு, கண் மட்டும் வெளியே தெரிய, நாளெல்லாம் கண்ணாடி அறைக்குள் நிற்க வேண்டும். உள்ளே தின்னக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, வாயில் ஒரு மிட்டாய்கூடப் போடக் கூடாது. அந்தக் காற்றுக்கு வாசனையே கிடையாது. சாயங்காலம் ஐந்தரைக்கு உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தால், ஒரு மைல் தூரத்தில் எந்தக் கடையில் என்ன பொரிகிறது என்று என் மூக்கு சொல்லிவிடும்.

சந்திப்பில் ஒரு மலாய்க்கார அக்கா வாழைப்பழம் பொரிப்பார். அடுத்த வரிசையில் நம் தமிழ் முஸ்லிம் அண்ணன் கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய். அங்கே ஆறு துண்டு, இங்கே மூன்று ரொட்டி. "வீட்ல எல்லாருக்கும் பொங்குஸ் பண்ணிருங்க அண்ணே" என்று பொட்டலம் கட்டச் சொல்வேன். வீட்டில் எல்லாரும் என்றால் நானும் என் கணவரும்தான், அவருக்கு அதில் ஒரு துண்டும் போய்ச் சேர்ந்ததில்லை. பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, பத்தே நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டு, ஈரத் தாளால் வாய் துடைத்து, ஒரு புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். பசித்துச் சாப்பிட்டேன் என்று சொன்னால் அது பசிக்கே அவமானம். அந்தப் பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்க்கிற நேரத்தில்தான் என் நாள் தொடங்கியது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கேன்டீனில் நான் கோழிக்குஞ்சு மாதிரி கொறிப்பேன். உடன் வேலை செய்கிறவர்கள், "இவ்ளோ கொஞ்சமா சாப்ட்டு எப்படிக்கா இந்த ஒடம்பு?" என்று கேட்டால், "எங்க குடும்பத்து ஒடம்பு லா, தண்ணி குடிச்சாலே ஏறிரும்" என்று கூசாமல் சொல்வேன். உடுப்பு கொடுக்கும் கவுண்டரில் இருப்பதிலேயே பெரிய அளவுக்கு ஒரே ஒரு கொக்கி. அதில் என் எண்தான் தொங்கும்.

ஆனால் வருடத்தில் நாற்பத்தெட்டு நாள் நான் உத்தமி. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக இளவயதில் செய்த வேண்டுதல். கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால் அன்று முதல் ஒரு வேளைச் சோறு, சைவம், தரையில் படுக்கை. இதில் வேடிக்கை என்னவென்றால், கயிறு கையில் இருக்கும்வரை எந்த வாசனையும் என்னை ஒன்றும் செய்யாது. ரொட்டிக் கடையைத் தாண்டி ஏதோ வங்கியைத் தாண்டுகிற மாதிரி போவேன். எட்டு கிலோ, ஒன்பது கிலோ என்று இறங்கும். பூசத்துக்கு மூன்றாம் நாள் இடும்பன் பூஜை. கயிறு அறுபடும், விரதம் முடியும். விரதம் முடிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் வெறுமனே முடிப்பதில்லை. ஆட்டுக்கறி, நண்டு, நாட்டுக்கோழி, எல்லாம் ஒரே நாளில். விட்ட நாற்பத்தெட்டு நாளையும் ஒரே வாரத்தில் பிடித்துவிடுவேன். சித்திரைக்குள் பழைய எடை, ஆடிக்குள் அதற்கும் மேல் இரண்டு கிலோ. என் அலமாரியில் தை மாத ரவிக்கைகள் ஒரு தட்டு, மற்ற மாத ரவிக்கைகள் நான்கு தட்டு இருந்தன.

இப்படியே இருந்திருப்பேன். என் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போனதால்தான் கதை மாறியது.

அவன் என்னைவிட ஏழு வயது இளையவன். லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். இரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதில் முப்பத்தெட்டு வயதில் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம், இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் கிடக்க வேண்டியதாயிற்று. லோரியை விட்டான். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் அவனுக்கு. அவன் மனைவி தன் கிட்னியைத் தருகிறேன் என்று முதலில் போய் நின்றாள், அவளுக்கும் அழுத்தம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்தது நான். இரத்தம் பொருந்தியது, மற்றதும் பொருந்தியது. எனக்கு நிலைகொள்ளாத சந்தோஷம். தம்பி, "சின்ன வயசுல ஒரு ஐஸ்கிரீம்ல பாதி குடுக்க மாட்ட, இப்ப கிட்னி குடுக்குறியா?" என்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. என் தாள்களைப் புரட்டிவிட்டு மலாயில் நிதானமாகச் சொன்னார். உங்கள் எடை தொண்ணூற்றேழு. இந்த எடையில் கத்தி வைத்தால் உங்களுக்கு ஆபத்து. அதோடு, மிச்சம் இருக்கும் ஒரே கிட்னியும் இந்த உடம்பைத் தாங்காமல் கெட்டுப்போகும். பதினைந்து கிலோ குறையுங்கள். குறைத்த பிறகு ஆறு மாதம் அப்படியே இருந்து காட்டுங்கள்.

அவர் சொன்னதில் முதல் பாதிதான் என் மண்டையில் ஏறியது. பதினைந்து கிலோவா, அதற்கென்ன, இரண்டு மண்டலம் விரதம் இருந்தால் போகிறது. தைப்பூசமும் இல்லை, பங்குனி உத்திரமும் இல்லை, ஆனாலும் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டேன். ஐயர் என்ன விசேஷம் என்று கேட்டார். தம்பி உயிர் என்றேன். அவர் முடிச்சை இறுக்கினார்.

தொண்ணூற்றாறு நாள். ஒரு நாளும் தவறவில்லை. ஆஸ்பத்திரித் தராசில் எண்பத்திரண்டு காட்டியபோது டாக்டர் என் தோளைத் தட்டி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமையே கயிறு அறுத்தோம். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் விரதம் முடித்தோம். ஒருவருக்கும், எனக்கும்தான், அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. வேண்டுதல் நிறைவேறினால் விரதத்தை முடிக்கத்தானே வேண்டும்? தம்பி மனைவி விடிகாலையில் எழுந்து இரண்டு கிலோ ஆட்டுக்கறி சமைத்திருந்தாள். உப்பும் காரமும் சேராத தன் சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, தம்பியே நின்று எனக்குப் பரிமாறினான். "எனக்காக வயித்தக் கட்டுன, நல்லா சாப்டு" என்றான். நான் நன்றாகச் சாப்பிட்டேன். திங்கள்கிழமை சாயங்காலம் பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் மறுபடியும் என் கார் நின்றது.

மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறியதும் நர்ஸ் மிஸ்ஸி என்னை இறங்கச் சொன்னாள். தராசை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். தராசில் ஒரு கோளாறும் இல்லை. தொண்ணூற்றைந்து. டாக்டர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. ஃபைலை மூடி வைத்துவிட்டு, இப்போதைக்கு இதை நிறுத்தி வைப்போம், நீங்கள் தயாரானால் வாருங்கள் என்றார். வெளியே நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"தராசு பழசா இருக்கும் லா" என்றான்.

எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. தம்பியின் உயிரை மூன்று மாதத்தில் ரொட்டி ரொட்டியாகத் தின்று முடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதுவிட்டு என்ன செய்தேன் என்று எழுத வேண்டியதில்லை, பிஸ்கட் டின்னுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு பரிகாரம் போல, விடுமுறை நாட்களில் நானே அவனை டயாலிசிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ஒரு புதன்கிழமை, வழக்கமாக அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் பெண்டாங் ஊர்ப் பெரியவர் வரவில்லை. நான் அங்கே நிற்கும்போதே கட்டிலுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள், பெரியவர் இனி வரமாட்டார் என்று புரிந்தது. தம்பி கையை நீட்டிக்கொண்டு படுத்தான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. காருக்கு ஓடினேன். கடைக்குப் போனேன். திரும்பி வந்து நிலையத்து வாசலிலேயே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து, இரண்டாவது ரொட்டியைப் பாதி வாயில் வைத்திருந்தபோது ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது.

தம்பி. இயந்திரத்தைச் சரி செய்கிறார்களாம், அரை மணி நேரமாகுமாம். குளிருக்குப் போர்த்தும் துணியைப் பின் இருக்கையில் விட்டுவிட்டான், அதை எடுக்க வந்திருக்கிறான். நான் ரொட்டியை மறைக்கப் பார்த்தேன். மிச்ச ரொட்டி, ஆறு துண்டு வாழைப்பழம், ஒரு பை பருப்புக் குழம்பு. என் உடம்பையே மறைக்க இடமில்லாத காரில் இதையெல்லாம் எங்கே மறைப்பது?

அவன் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான்.

"எத்தன வருஷமாக்கா?"

"எது?"

"காடிக்குள்ள ஒளிஞ்சு திங்கறது."

நான் சொல்லிவிட்டேன். பதினோரு வருடம், பெட்ரோல் நிலையம், ஈரத் தாள், புதினா மிட்டாய், எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன், குழம்பு மடியில் கொட்டிவிட்டது. அவன் அந்த வாழைப்பழப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

"நான் என்ன ரொம்ப ஒழுங்கா? ஒரு நாளைக்கு அர லிட்டர் தண்ணிதான் குடிக்கலாம்னு சொல்லிருக்காங்க. குளிக்கப் போறேன்னு கதவ சாத்திட்டு பைப்புல வாய வெச்சு குடிப்பேன். போன மாசம் மூச்சு முட்டி ஆஸ்பத்திரில போட்டாங்களே, அது எதுனால? வீட்ல கேட்டா நான் ஒரு சொட்டு கூட குடிக்கல, ஒடம்புல தண்ணி எப்படி ஏறுச்சுனே தெரியலன்னு சொல்வேன்."

இருவரும் அந்தக் காரில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், சந்தேகமில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவன் சொன்னான்: "அக்கா, நீ கயிறு கட்டாத. கயிறு கட்டுனா எப்ப அறுப்போம்னு மனசு எண்ண ஆரம்பிச்சிரும். திங்கணும்னா தின்னு. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு. நானும் பைப்பத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒனக்குப் போடுறேன். வேணாம்னு நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்லல."

அவ்வளவுதான் மருந்து. மறுநாள் ஐந்தரைக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கூப்பிட்டேன். "ரொட்டி வாங்கப் போறேன்" என்றேன். "எத்தன?" என்றான். "மூணு" என்று சொல்ல வாயைத் திறந்தவளுக்கு மூன்று வரவில்லை. "ஒண்ணு" என்றேன். கடையிலேயே மேசையில் உட்கார்ந்து, எல்லார் கண்ணிலும் படும்படி ஒரு ரொட்டியைச் சாப்பிட்டேன். பதினோரு வருடத்தில் அன்றுதான் அந்த ரொட்டியின் ருசி எனக்குத் தெரிந்தது. நன்றாகத்தான் போடுகிறார் அண்ணன்.

அன்றே என் கணவரிடமும் ஒப்புக்கொண்டேன். "அப்ப நான் தெனமும் பாவம்னு ரெண்டு கரண்டி அதிகமா போட்டதெல்லாம்?" என்றார் அவர். "அதுவும் உள்ளதான் போச்சு" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, ஏமாற்றியதற்கு அல்ல, வாழைப்பழத்தில் அவருக்கு ஒரு துண்டுகூடக் கொண்டுவராததற்கு. மறுநாளிலிருந்து சாயங்காலம் எங்கள் தாமான் குடியிருப்பின் திடலைச் சுற்றி இருவரும் நடக்க ஆரம்பித்தோம்.

எல்லாம் நேராக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு ஒரு அறைக்குள் தனியாக மாட்டிக்கொண்டேன். மெர்கோங்கில் ஒரு கல்யாணத்தில் பரிமாறியவர் என் இலைக்கு மட்டும் மூன்று முறை வந்தார், நான் கையை இலைக்கு மேல் விரித்தால் விரலிடுக்கில் பாயசம் ஊற்றுகிற ஆள். தொழிற்சாலையில் எங்கள் லைனில் சண்டை நடந்த ஒரு நாள், சொல்லாமல் தின்றுவிட்டுப் பிறகுதான் தம்பியைக் கூப்பிட்டேன்.

"எட்டு" என்றேன்.

"எட்டு என்னா?"

"கறிபாப்."

"உருளக்கெழங்கா, கோழியா?"

"ரெண்டும்."

"சரி, நாளைக்குக் கூப்டு" என்றான். அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒரு நாள் தவறினால் போயிற்று, இனி அடுத்த தைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன். இப்போது அடுத்த தை என்று ஒன்றே இல்லை, நாளை ஐந்தரை மணிதான் இருந்தது. எடை மெதுவாக இறங்கியது. விரதத்தில் ஒரு மாதத்தில் இறங்கியது இப்போது நான்கு மாதம் எடுத்தது. தெரிந்தவர்கள், "என்னா, இனிப்பு நீர் வியாதியா? மூஞ்சி வத்திப் போச்சே" என்று துக்கம் விசாரித்தார்கள். தொழிற்சாலையில் என் எண் அந்தப் பெரிய கொக்கியிலிருந்து நடுவரிசைக்கு வந்தது. உடுப்புக் கவுண்டர் பெண் அதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் மாற்றி வைத்திருந்தாள், எனக்குத்தான் அங்கேயே ஒரு குத்தாட்டம் போடலாம் போல இருந்தது.

தம்பியும் கூப்பிடுவான். "பைப்பு பக்கத்துல நிக்கிறேன்" என்பான். "எவ்ளோ வெய்யில்" என்பேன். ஏதாவது பேசுவோம். சில நாள் குடிப்பான், சில நாள் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வான். ஒரு வருடத்துக்கும் மேல் இப்படிப் போயிற்று. எண்பத்தொன்று வந்தது. நின்றது. ஆறு மாதம் நின்றது. டாக்டர் ஃபைலை மறுபடி திறந்தார்.

அறுவை நடந்து ஐந்தாம் நாள், என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் அவன் கட்டில் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவன் படுக்கையோரம் பெரிய தண்ணீர் ஜாடி. நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு கோப்பையை முழுதாகக் குடித்தான், பிறகு இன்னொன்று. மூன்றாவதை நான் ஊற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி சட்டியைத் தூக்கினாள். "அக்கா, இப்பயாச்சும் வெரதத்த முடிங்க. இனிமே என்னா இருக்கு, குடுத்தாச்சே." உறவுக்காரர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கறியைத் தட்டில் போட்டுக்கொண்டேன், எல்லாரோடும் உட்கார்ந்தேன், ருசித்துச் சாப்பிட்டேன், எழுந்துவிட்டேன். "இதுல முடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல லா" என்றேன். மூன்று வருடமாகிறது. ஒரு கிட்னிதான், ஆனால் எண்பதுக்கும் எண்பத்திரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

தம்பிக்கு அறுவைக்குப் பின் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று பசியைக் கிளப்பும் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தவனுக்குக் கன்னம் வந்தது, நாங்கள் சந்தோஷப்பட்டோம். தொப்பை வந்தது, கேலி செய்தோம். போன மாதம் ஒரு சாயங்காலம், நான் வண்டி நிறுத்துமிடத்தில் இருக்கும்போது அவன் கூப்பிட்டான். குரலில் கேலி இல்லை.

"அக்கா, காடில இருக்கேன். மூணு பொட்டலம் நாசி லெமாக் தின்னுட்டேன். இன்னும் ரெண்டு இருக்கு. நிறுத்த முடியல. ஒன் கிட்னிக்கு என்னமோ ஆயிருமோன்னு பயமா இருக்கு."

எங்கே என்று கேட்டேன். சொன்னான். நேராகப் போனேன். கடைவரிசைக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் நிறுத்தியிருந்தான். பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். அவன் விரலெல்லாம் மிளகாய்ச் சம்பல். நான் திட்டுவேன் என்று காத்திருந்தான் போல. நான் ஒரு தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து எங்கள் நடுவில் வைத்தேன். மெதுவாக, பேசிக்கொண்டே, இருவருமாக அதைச் சாப்பிட்டோம். மற்றதை அவனே மடித்து மகளுக்கென்று பின்னால் வைத்தான்.

"இது எப்பக்கா முடியும்?" என்று கேட்டான்.

பெரியவர்கள் சொல்கிற மாதிரி ஏதாவது தைரியம் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அவனிடம் நான் பொய் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது.

"முடியாது லா" என்றேன். "நாளைக்கும் கூப்டு."